ஓடும் காலை ஊரில் விட்டுப் போ

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவை வக்கீல்களைத் தவிர யாரும் படித்திருக்கப் போவதில்லை. ஆனால் அதன் சாரம் நம்மூர் டிரைவர் ஒவ்வொருவருக்கும் தெரியும். வண்டி யாரையாவது இடித்துவிட்டால் அடிபட்டவருக்கு வைத்தியம் கிடைக்க ஏற்பாடு செய், போலீசுக்குச் சொல் என்கிறது அந்தப் பிரிவு. கையோடு ஒரு விலக்கும் தருகிறது: கும்பலின் கோபத்தால் முடியாமல் போனாலொழிய. அங்கே போலீஸ் யாரும் இல்லையென்றால் ஸ்டேஷனில் போய்ச் சொல்ல 24 மணி நேரம் வரை அவகாசமும் உண்டு. கிள்ளிப்பாலத்தில் சாயங்கால நெரிசலில் ஒரு ஆட்டோவை லேசாக உரசிப் பாருங்கள், அந்த விலக்கை எழுதியவர் அனுபவஸ்தர் என்பது விளங்கிவிடும்.

இதனால் நமக்கு இரண்டு வித்தைகள் அத்துப்படி. சின்ன இடி என்றால் ஓரம்கட்டிக் கத்திவிட்டு, கையில் ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்துப் பேசி முடிப்பது. பெரிய இடி என்றால் முதலில் தப்பித்து, பிறகு செல்வாக்குள்ள யாரையாவது கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவது. இங்கே இரண்டுக்கும் ஏதோ ஒரு நியாயம் சொல்லலாம். கடல் தாண்டினால் இவைதான் ஆளை உள்ளே தள்ளும்.

வலியசாலைத் தெருவில் வீட்டுக்கு வீடு யாராவது வெளிநாட்டில் இருக்கிறார்கள். அடுத்த மாதம் அபுதாபிக்கு வேலைக்குப் போகிற பக்கத்து வீட்டு அம்பி, முட்டத்தறை மைதானத்தில் 'எச்' எடுத்து லைசென்ஸ் வாங்கியவன். "மாமா, இன்டர்நேஷனல் பெர்மிட் எடுத்துண்டு போனாப் போறாதா?" என்றான்.

போறாது. நம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் தருகிற அந்தப் பெர்மிட் 1949-ஆம் வருஷத்து ஜெனீவா உடன்படிக்கையின்படி வருவது, ஒரு வருஷம்தான் செல்லும். சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு அது உதவும். வேலை விசாவில் தங்குகிறவன் அந்த ஊர் லைசென்ஸ் எடுத்தே ஆகவேண்டும். வண்டி வலப்பக்கம் ஓடுகிற ஊர். எத்தனை வருஷம் இங்கே ஓட்டியிருந்தாலும், முதல் சில வாரம் இடப்பக்கம் திரும்பும்போது கண் தப்பான திசையைத்தான் பார்க்கும்.

சரி, இடித்துவிட்டது. யாருக்கும் அடியில்லை, வண்டி நகர்கிறது. துபாயில் என்றால் படம் எடுத்துக்கொண்டு ஓரமாக ஒதுக்கி நிறுத்தி, போலீஸ் ஆப்பிலோ போனிலோ சொல்ல வேண்டும். லைசென்சும், முல்கியா என்று அங்குள்ள நம்மவர்கள் சொல்லும் வண்டி ரிஜிஸ்ட்ரேஷன் அட்டையும் கையில் இருக்கட்டும். தப்பு யார்மேல் என்று போலீஸ் தீர்மானித்துக் காகிதம் கொடுக்கும். தப்பு செய்தவனுக்குச் சிவப்பு, மற்றவனுக்குப் பச்சை. இந்தக் காகிதம் இல்லாமல் எந்த ஒர்க்‌ஷாப்காரனும் நசுங்கிய பம்பரைத் தொடமாட்டான். தொட்டால் அவன்மேல் கேஸ். ஆயிரம் ரூபாய்ப் பஞ்சாயத்துக்கு அங்கே வழியே இல்லை. சத்தத்துக்கும் இல்லை. கெட்ட வார்த்தை, விரலைக் காட்டுவது எல்லாம் அங்கே தனிக் குற்றம், நாடு கடத்தும் வரை போகலாம். பம்பருக்கு இன்ஷூரன்ஸ் உண்டு, வாய்க்குக் கிடையாது.

ஆளுக்கு அடி என்றால் 999-க்குக் கூப்பிட்டு அங்கேயே நிற்பதுதான் வழி. 2025 மார்ச் முதல் அமலில் இருக்கிற எமிரேட்ஸ் போக்குவரத்துச் சட்டப்படி, காயம் பட்டவரை விட்டு ஓடினால் இரண்டு வருஷம் வரை சிறை, குறைந்தது 50,000 திர்ஹாம் அபராதம், அல்லது இரண்டில் ஒன்று. கும்பல் கூடி அடிக்கும் என்ற பயம் அங்கே வேண்டாம். அம்பிக்கு இதை நம்ப வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. எனக்கும் புரிகிறது, பயம் மூளையில் இல்லை, காலில் இருக்கிறது.

உயிர் போய்விட்டால் இறந்தவர் குடும்பத்துக்கு ரத்தப்பணம். எமிரேட்ஸில் சட்டப்படி இரண்டு லட்சம் திர்ஹாம். 2012-இல் அபுதாபியில் குழந்தைகள் கூட்டத்தில் காரை ஏற்றி, சூடான் நாட்டுச் சிறுவன் ஒருவன் இறந்ததற்காக, திருச்சூர் மாவட்டத்துக்காரர் ஒருவருக்கு மரண தண்டனையே விதித்தார்கள். சிறுவனின் குடும்பமோ சூடானுக்குத் திரும்பிவிட்டது. வருஷக்கணக்காகப் பேசி, 2021-இல் ஐந்து லட்சம் திர்ஹாம், நம் பணத்தில் ஏறக்குறைய ஒரு கோடி, கட்டி அவரை மீட்டவர் எம்.ஏ. யூசுப் அலி. ஆக்குளத்தில் லுலு மாலைக் கட்டிய அதே யூசுப் அலிதான். எல்லாருக்கும் ஒரு யூசுப் அலி வரமாட்டார்.

தூதரகம் வந்து கூட்டிக்கொண்டு போய்விடும் என்று நம் அம்மாக்கள் நினைக்கிறார்கள். 1963 வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவு, பிடிபட்டவர் கேட்டால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லவேண்டும் என்கிறது. அதனால் கேட்க வேண்டும். அவர்கள் வந்து பார்ப்பார்கள், வக்கீல் பட்டியல் கொடுப்பார்கள், வீட்டுக்குச் சொல்வார்கள். கேஸை நடத்துவது நம் பாடு. புரியாத பாஷையில் எழுதிய காகிதத்தில், மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் வராமல் கையெழுத்துப் போடக்கூடாது. பெண்ணைப் பார்க்க ஜெர்மனிக்கோ பிரான்சுக்கோ போய் வாடகைக் கார் எடுக்கிற மாமாக்களுக்கும் இது பொருந்தும். அங்கே இடித்தவரும் இடிபட்டவரும் சேர்ந்து நிரப்புகிற பொதுப் படிவம் ஒன்று உண்டு. எந்த பாஷையில் அச்சடித்தாலும் கட்டங்கள் ஒரே வரிசையில் இருக்கும். தமிழனுக்கு அதைவிட நல்ல துபாஷி இல்லை.

அம்பியிடம் கடைசியாகச் சொன்னது இன்ஷூரன்ஸ் விஷயம். சாதாரண விபத்தில் ரத்தப்பணத்தைக் கட்டுவது கம்பெனிதான். ஆனால் ஓட்டியவன் குடித்திருந்தாலோ, செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் இருந்தாலோ, கட்டிய பணத்தைக் கம்பெனி அவனிடமே திருப்பிக் கேட்கும். ரூம்மேட் "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாரேன்" என்று சாவியை நீட்டுவான். அந்த ஊர் லைசென்ஸ் கைக்கு வருகிறவரை பஸ்ஸில் போகச் சொல்லியிருக்கிறேன்.