ஒரே கோடுதானே!

போன திங்கட்கிழமை காலை ஷிஃப்ட். பெங்களூரு பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் நான் வேலை பார்க்கும் பட்டறை கேட்டுக்கு தருமபுரித் தம்பி ஒருவன் இருமிக்கொண்டே வந்தான். செல்போனைத் திறந்து செக்யூரிட்டியிடம் ஒரு படத்தைக் காட்டினான். வெள்ளை பிளாஸ்டிக் கோவிட் கிட். 'சி' என்ற எழுத்துக்கு நேராக ஒரு சிவப்புக் கோடு, 'டி'க்கு நேராக ஒன்றுமில்லை. "ஒந்தே கெரெ, ஹோகி" (ஒரே கோடுதான், போங்க) என்று செக்யூரிட்டி கன்னடத்தில் சொல்லிக் கையசைத்து உள்ளே விட்டார். சூப்பர்வைசரும் அதே படத்தைப் பார்த்துவிட்டு அவனை மெஷினில் நிறுத்தினார். புதன்கிழமை அதே தம்பிக்கு இரண்டு கோடு. அதற்குள் அவனோடு ஒரே டப்பாவில் புளிசாதம் பகிர்ந்து சாப்பிட்ட டர்னர் அண்ணனுக்கும் தொற்றிவிட்டது. சர்க்கரை உள்ள மனிதர். வெள்ளிக்கிழமை மூச்சு வாங்கிப் படுத்தவர், இப்போதுதான் மெல்லத் தேறி வருகிறார்.

ஒரு கோடு வந்தால் உடம்பில் ஒன்றுமில்லை! படித்தவர், படிக்காதவர், மேனேஜர், ஹெல்பர் எல்லோரும் இதை நம்புகிறார்கள். கோவிட் வந்து இத்தனை வருடம் ஆன பிறகும் நம்புகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

அந்த ஒற்றைக் கோடு வைரஸ் இல்லை என்று சொல்கிற கோடே அல்ல. சொட்டுவிட்ட திரவம் பட்டையில் சரியாக ஓடியது, கிட் வேலை செய்கிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். வைரஸின் புரதம் போதுமான அளவு பட்டையில் வந்து சேர்ந்தால்தான் 'டி' கோடு சிவக்கும். ஆர்டி-பிசிஆர் கொஞ்சமாக இருக்கும் வைரஸ் மரபணுவைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும். இந்தக் கிட் எதையும் பெருக்காது. தொண்டை கரகரக்கும் முதல் ஒன்றிரண்டு நாளில் மூக்கில் புரதம் போதாமல் இருக்கலாம்; மூக்கு நுனியைக் குச்சியால் பட்டும் படாமல் தொட்டு எடுத்தால் அதுவும் கிடைக்காது. தம்பி அப்படித்தான் எடுத்திருக்கிறான், கேட்டேன்.

2020 ஜூன் 14 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் இந்த வகை ஆன்டிஜன் கிட்டுக்கு நாட்டில் முதன்முதலாக அனுமதி கொடுத்தபோதே கணக்கைச் சொல்லிவிட்டது. இரண்டு இடங்களில் சோதித்ததில், நோயுள்ளவரைக் கண்டுபிடிக்கும் திறன் 50.6 முதல் 84 சதவீதம் வரை. நோயில்லாதவரை இல்லை என்று சரியாகச் சொல்லும் திறன் 99.3 முதல் 100 வரை. ஆகவே இரண்டு கோடு வந்தால் நம்பு. அறிகுறி இருந்து ஒரு கோடு வந்தால் ஆர்டி-பிசிஆர் எடு. அன்றே எழுதி வைத்தார்கள். 2021 மே மாதம் வீட்டுக் கிட்டுக்கு அனுமதி தந்தபோதும் அதையே எழுதினார்கள். தமிழ்நாடு ஏறக்குறைய முழுக்க ஆர்டி-பிசிஆரையே பிடித்துக்கொண்டிருந்தது இதனால்தான். யார் காதில் ஏறியது?

ஐம்பது புள்ளி ஆறு! நான் இருபது வருஷமாக குவாலிட்டியில் இருக்கிறேன். பிளக் கேஜை துளைக்குள் விட்டுப் பார்ப்பேன்; கோ பக்கம் நுழைய வேண்டும், நோ-கோ பக்கம் நுழையக் கூடாது. நூறு கெட்ட பீஸில் நாற்பத்தொன்பதை நல்ல பீஸ் என்று பாஸ் பண்ணும் கேஜை எந்தக் கஸ்டமர் ஒப்புக்கொள்வார்? பத்து மைக்ரான் தவறினால் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பும் பட்டறை, இருமுகிற மனிதனுக்கு மட்டும் அந்தக் கேஜை வைத்துக் கையெழுத்துப் போடுகிறது. இரும்புக்கு இருக்கும் மரியாதை நுரையீரலுக்கு இல்லையா?

"அந்தக் கம்பெனிக் கிட் மட்டம், இது நல்ல கிட்" என்பார்கள். 2021இல் காக்ரேன் ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் நோயைக் கண்டுபிடிக்கும் திறன் அறிகுறி உள்ளவர்களிடம் சராசரி 72 சதவீதம், அறிகுறி இல்லாதவர்களிடம் 58. அமெரிக்காவின் எஃப்டிஏ 2022 ஆகஸ்டில் சொன்னது: அறிகுறி இருந்து ஒரு கோடு வந்தால் 48 மணி நேரம் கழித்து மறுபடி எடு, அறிகுறி இல்லையென்றால் மூன்று முறை. திங்கட்கிழமை ஒன்று, புதன்கிழமை இரண்டு. எங்கள் தம்பியின் கதையேதான்.

இது கோவிட் கிட்டோடு நிற்கிற வியாதியும் அல்ல. காய்ச்சல் என்று கிளினிக்குக்குப் போனால் ஒரே ஒரு வைடால் டெஸ்ட், உடனே டைபாய்டு, கைநிறைய ஆன்டிபயாட்டிக். எப்போதோ வந்துபோன தொற்றும், வேறு காய்ச்சலும்கூட வைடாலில் பாசிட்டிவ் காட்டும். சீட்டில் ஒரு பதில் எழுதியிருந்தால் போதும், நோயாளியின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் தம்பியை மட்டும் குற்றம் சொல்லி நான் நழுவ மாட்டேன். அவனுக்கு இஎஸ்ஐ தொழிலாளர் காப்பீடு இருக்கிறது. நோயில் படுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும், ஆண்டுக்கு 91 நாள் வரை. ஆனால் முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகப் பணம் கிடையாது. எந்த இரண்டு நாளில் கிட்டுக்குக் கண் தெரியாதோ, அதே இரண்டு நாள்! காய்ச்சலோடு வீட்டில் இருப்பவனுக்கு அந்த இரண்டு நாள் கூலியை முதலாளியோ அரசோ கொடுத்தாக வேண்டும். கொடுக்காதவரை இந்தக் கோட்டைக் கேட்டில் காட்டுகிறவர்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

ஏன்டா அன்றைக்கு வந்தாய் என்று கேட்டேன். டர்னர் அண்ணனின் மெஷின் பக்கம் பார்த்தபடியே சொன்னான்: "ரெண்டு நாள் சம்பளம் போயிடும்ணே. கோடும் ஒண்ணுதானே இருந்துச்சு."