அட்டையை வெட்டாதீர்கள், அண்ணே

மாயவரத்து மருந்துக்கடைக்காரர்கள், அவர்களிடம் மாதாமாதம் மாத்திரை வாங்கும் பெரியவர்கள், வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கும் பிள்ளைகள் அனைவருக்கும், கனடாவில் பிராம்ப்டனில் இருக்கும் ஊர்ப்பிள்ளை ஒருவர் எழுதிக்கொள்வது.   விஷயம், கத்தரிக்கோலைப் பற்றியது.

போன தை மாதம் ஊருக்கு வந்த ஊர்ப்பிள்ளை பட்டமங்கலத் தெருவில் ஒரு மெடிக்கல் வாசலில் நின்றார். "அஞ்சு நாளைக்குக் குடுங்க" என்றார் முன்னால் நின்றவர். கடைப்பையன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பத்து மாத்திரை அட்டையைச் சரி பாதியாகக் கத்தரித்தான். மருந்தின் பெயர் ஒரு துண்டிலும், காலாவதித் தேதி இன்னொரு துண்டிலும் போயிற்று. சின்னக் காகிதக் கவரில் போட்டு, காலைக்கும் ராத்திரிக்கும் பேனாவால் கோடு கிழித்துக் கொடுத்தான். ஊர்ப்பிள்ளைக்கு உச்சி வரை ஏறிவிட்டது. பாதாளச் சாக்கடை வழிந்து தெருவில் ஓடுவதைத் தாண்டித்தான் அவர் அந்தக் கடைக்கே வந்தார். அதற்கு வராத கோபம் ஒரு கத்தரிக்கோலைப் பார்த்து வந்தது. கூட வந்த அக்கா சிரித்தார்.

கோபத்துக்குக் காரணம் அதற்கு முந்தைய வருடம் டொராண்டோ விமான நிலையத்தில் நடந்தது. அம்மா அங்கே போய் இறங்கியது சூப்பர் விசாவில். பெற்றோரையும் தாத்தா பாட்டியையும் வரவழைத்து வைத்துக்கொள்ளக் கனடா 2011 முதல் கொடுக்கும் விசா அது. 2022 ஜூலையிலிருந்து, ஒரு தடவை போனால் ஐந்து ஆண்டு வரை தங்கலாம். ஆனால் கையோடு கொண்டுபோகும் டாக்டர் சீட்டு மருந்துக்கு எல்லை 90 நாள். அதுவும் கடை லேபிளோடோ, கம்பெனிப் பெட்டியிலோ, உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துத் தெரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும். அம்மாவிடம் இருந்ததோ நகைக்கடைச் சுருக்குப் பை. அதில் வெட்டிய துண்டுகள்.

அதிகாரி மரியாதையான ஆள். ஒரு துண்டை எடுத்து இது என்ன என்று கேட்டார். "அது காலை மாத்திரை." இன்னொன்று? "அது ராத்திரி." ரோஸ் நிறத்தில் இருப்பது? "அது பிரஷருக்கு. ரோஸ் கலர்னாலே பிரஷர்தான்." மொழிபெயர்த்த ஊர்ப்பிள்ளைக்கு வியர்த்தது. பெயர் தெரிந்த துண்டுகள் வெளியே வந்தன. தெரியாதவை அங்கேயே தங்கிவிட்டன. முழுசாகத் தப்பியது தைராய்டு மாத்திரை டப்பா ஒன்றுதான். டப்பாவைக் கத்தரிக்க முடியாதே!

மாத்திரையை ஏன் மொத்தமாக வாங்கவில்லை என்று அம்மாவிடம் கேட்காமல் இல்லை. பணத்துக்குக் குறைவில்லை, மாதாமாதம் ஊர்ப்பிள்ளை அனுப்புகிறார். அம்மா சொன்ன பதில்: "ஆறு மாசத்துக்கு வாங்கி வச்சா அதுவரைக்கும் இருந்தாகணுமேடா."

மறுநாள் வீட்டுக்குப் பக்கத்து மருந்துக்கடை. மருந்தாளுநர் யாழ்ப்பாணத்துப் பெண். "அம்மா, இது என்ன குளிசை எண்டு தெரியுமோ?" என்று அன்பாகத்தான் கேட்டார். ஒரு துண்டில் 'சார்ட்டன்' என்ற வால் மட்டும் இருந்தது. டெல்மிசார்ட்டனும் அப்படித்தான் முடியும். லோசார்ட்டன், ஓல்மிசார்ட்டன், வால்சார்ட்டன் எல்லாமும் அப்படித்தான். எல்லாம் ரத்த அழுத்தத்துக்குத்தான். ஆனால் ஒன்றின் 40 மில்லிகிராம் இன்னொன்றின் 40 மில்லிகிராமுக்கு ஈடாகாது. யூகித்து எடுத்துக் கொடுக்க எந்தச் சட்டமும் அவரை விடாது. டாக்டரைப் பார்த்து வரச் சொன்னார்.

டாக்டர் கேட்டது சீட்டு. அம்மாவின் சீட்டை எழுதியவர் ஊரில் கைராசிக்காரர் என்று பெயரெடுத்தவர். எழுத்தை மட்டும் அவருடைய கம்பவுண்டர் ஒருவரால்தான் படிக்க முடியும். மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016லேயே விதியைத் திருத்தியது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் அதை இன்னும் கடுமையாக்கிப் புது விதி போட்டு, எதிர்ப்பு கிளம்பவே மூன்றே வாரத்தில் நிறுத்திவைத்தது. கைராசிக்காரரின் சீட்டில் இருந்தவை பிராண்டு பெயர்கள் மட்டுமே. அவை இந்தியாவைத் தாண்டினால் யாருக்கும் புரியாது.

ஒருவழியாக அக்கா வீட்டிலிருந்து பழைய அட்டைகளைத் தேடி வாட்ஸ்ஆப்பில் படம் எடுத்து அனுப்பினார். அப்போதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. அம்மா சாப்பிடும் சர்க்கரை மாத்திரைகளில் ஒன்று டெனிலிகிளிப்டின். 2015 முதல் இந்தியாவில் விற்கிறது, ஜப்பானிலும் உண்டு, விலையும் சல்லிசு. கனடாவில் அது கிடையாது. அமெரிக்காவிலும் கிடையாது. அதே குடும்பத்து சிட்டாகிளிப்டினுக்கு மாற வேண்டியதாயிற்று. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் ஒரே மாத்திரையில் வரும் கலவை அங்கே வழக்கத்தில் இல்லை என்பதால், ஒன்று இரண்டாயிற்று. வயிற்றுக்குப் போடும் பான்-டியும் இரண்டாகப் பிரிந்தது. இதயத்துக்கான ஆஸ்பிரின் நம்மூரில் 75 மில்லிகிராம், அங்கே 81. தைராய்டு மருந்துக்குக் கம்பெனி மாறியதால், ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார்கள். காலையில் ஐந்து மாத்திரை போட்ட அம்மா ஏழு போட ஆரம்பித்தார். "கனடாவுக்கு வந்து வியாதி கூடிடுச்சு" என்று ஊருக்குப் போன் போட்டுச் சொன்னார். ஊர் நம்பியும் விட்டது. சூப்பர் விசாவுக்கென்று கட்டாயமாக எடுக்கும் குறைந்தது ஒரு லட்சம் டாலர் காப்பீடு அவசர சிகிச்சைக்கானது. அன்றாட மாத்திரைக்குச் செலவு கைக்காசுதான்.

இங்கே ஊர்ப்பிள்ளை கொஞ்சம் பெருமை பேசிக்கொள்ள ஊர் இடம் கொடுக்க வேண்டும். ஒன்டாரியோ மருந்துக்கடையில் வாங்கும் ஒவ்வொரு புட்டியிலும் நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எழுதிக்கொடுத்த டாக்டர், இன்னும் எத்தனை தடவை வாங்கலாம் என்று அத்தனையும் அச்சடித்து ஒட்டியிருக்கும். கனடாவில் அனுமதி பெற்ற ஒவ்வொரு மருந்துக்கும் எட்டு இலக்க அடையாள எண் உண்டு. அதைச் சொன்னால் போதும், வான்கூவரில் இருக்கும் மருந்தாளுநரும் அதே மாத்திரையைக் கண்டுபிடித்துவிடுவார். புதிதாக ஒரு மருந்து சேர்த்தால், பழைய மருந்தோடு அது சண்டை போடுமா என்று கணினியில் பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுப்பார்கள். 2023 ஜனவரியிலிருந்து சின்னச் சின்ன உபாதைகளுக்கு மருந்தாளுநரே மருந்து எழுதிக் கொடுக்கவும் ஒன்டாரியோ அனுமதித்திருக்கிறது. புட்டி மூடிதான் தொல்லை. குழந்தைகள் திறக்கக் கூடாது என்று செய்த மூடியை அம்மாவாலும் திறக்க முடியவில்லை.

இதையெல்லாம் அக்காவிடம் அவர் விஸ்தாரமாகச் சொன்னபோது அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "டாக்டரைப் பாக்க எத்தனை நாள் ஆச்சு?" ஊர்ப்பிள்ளை பேச்சை மாற்றினார். 2024இல் ஒன்டாரியோவில் குடும்ப டாக்டர் இல்லாதவர்கள் 20 லட்சத்துக்கும் மேல் இருந்தார்கள். தமிழ்நாட்டிலோ, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு அப்படித்தான் வருகிறது. பிராம்ப்டனில் யாரும் அம்மாவின் கதவைத் தட்டி பிரஷர் பார்த்ததில்லை.

ஆனாலும் கத்தரிக்கோல் விஷயத்தில் ஊர்ப்பிள்ளை இறங்கிவருவதாக இல்லை. அட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பேட்ச் எண்ணை நம்மூரில் யார் பார்க்கிறார்கள்? 2018 ஜூலையில் வால்சார்ட்டன் மாத்திரையில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய மாசு கலந்திருப்பது தெரிந்து, பல நாடுகள் அதைத் திரும்பப் பெற்றன. மூலப்பொருள் சீனாவில் ஒரே தொழிற்சாலையில் தயாரானது. எந்தக் கம்பெனி, எந்த பேட்ச் என்று பார்த்துத்தான் எடுத்தார்கள். 2025இல் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்து மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்றது. அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்ததாகக் கண்டுபிடித்தது தமிழ்நாட்டு அரசு ஆய்வகம்தான். எச்சரிக்கையில் வந்த அடையாளம் எஸ்.ஆர்-13 என்ற பேட்ச் எண். அது புட்டி மருந்து, லேபிள் அப்படியே இருந்தது. இதே போல் ஒரு மாத்திரைக்கு எச்சரிக்கை வந்தால், காகிதக் கவருக்குள் கிடக்கும் அரை அட்டையில் எதைத் தேடுவது? அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் க்யூஆர் குறியீடு இருக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டிலிருந்து மத்திய அரசு கட்டாயமாக்கியிருக்கிறது. அது அட்டையில் இருந்தால் கத்தரிக்கோலில் போகும், பெட்டியில் இருந்தால் கடையிலேயே தங்கும்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு இப்படிப் பெயர் தெரியாத மாத்திரைக் கவர் வேலையையே, சில சமயம் சுதந்திரத்தையே பறிக்கக்கூடியது. நம் பக்கத்தில் தெருவுக்கு ஒருவர் துபாயிலோ சவுதியிலோ இருக்கிறார். யாராவது லீவு முடிந்து கிளம்பினால், "தம்பி, இதை மட்டும் அவன்கிட்ட குடுத்துடு" என்று ஒரு கவர் வரும். ட்ரமடால், கோடீன், நரம்பு வலிக்கு நம்மூரில் சர்வசாதாரணமாக எழுதும் பிரீகாபலின், இவற்றையெல்லாம் ஐக்கிய அரபு அமீரகத்துக்குள் கொண்டுபோக அந்நாட்டு அரசின் முன் அனுமதி வேண்டும். ட்ரமடாலை இந்தியாவே 2018இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. 2017இல் எகிப்தில் இருந்த காதலரின் முதுகு வலிக்கென்று 290 ட்ரமடால் மாத்திரை கொண்டுபோன பிரிட்டன் பெண்ணுக்கு அங்கே மூன்றாண்டு சிறை விதித்தார்கள். ஓராண்டுக்கு மேல் உள்ளே இருந்துவிட்டு 2019 தொடக்கத்தில்தான் வெளியே வந்தார். ஏழைக்குத்தான் இந்த நிலைமை என்று நினைக்க வேண்டாம். டொயோட்டா நிறுவனத்தின் உயர் அதிகாரியாக இருந்த ஜூலி ஹாம்ப், அமெரிக்காவிலிருந்து பார்சலில் வந்த 57 ஆக்ஸிகோடோன் மாத்திரைக்காக 2015 ஜூனில் டோக்கியோவில் கைதானார். வழக்கு போடாமல் விட்டார்கள், வேலை போய்விட்டது. அந்த இரண்டு சம்பவத்திலும் என்ன மாத்திரை என்றாவது தெரிந்திருந்தது. நம் தம்பி தூக்கிக்கொண்டு போகும் கவருக்குள் அதுவும் தெரியாது.

கடைக்கார அண்ணன் என்ன சொல்வார் என்று ஊர்ப்பிள்ளைக்குத் தெரியும். "முழு அட்டைதான் தருவேன்னா, கொத்து வேலைக்குப் போறவர் எங்க போவார் தம்பி?" என்பார். நியாயம். மூன்று நாள் மாத்திரைக்கு மட்டும் காசு வைத்திருப்பவர்தான் அந்தக் கத்தரிக்கோலுக்குப் பிழைப்புக் கொடுக்கிறார். முழு அட்டை வாங்கச் சொல்லிக் கடைகள் வற்புறுத்துகின்றன என்று நாடு முழுக்கப் புகார் வந்ததால்தான், ஒவ்வொரு மாத்திரையையும் கிழித்தெடுக்கும்படி துளையிட்டு, துண்டுதோறும் தேதி அச்சடிக்கலாமே என்று 2023இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை யோசனை சொன்னது. அது வந்தால் இந்த மடலுக்கே வேலை இல்லை. அதுவரை அட்டையின் வால் துண்டு யாராவது ஒருவர் கைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் அம்மாவைப் போல் எழுத்தைப் பார்க்காமல் நிறத்தைப் பார்த்துப் போடுகிறவராகவே இருக்கிறார்.

அக்கா இந்த மடலின் முதல் படியைப் படித்தார். "ஊருக்கே பாடம் எடுக்குறியே, மாசாமாசம் அந்தக் கடையில நிக்கிறது யாரு?" என்று கேட்டார். மழையிலும் வெயிலிலும் நின்று, கடனுக்கும் வாங்கி, இரவு பத்து மணிக்கு ஷட்டரைத் தட்டி மாத்திரை எடுத்ததெல்லாம் அவர்தான். அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்த ராத்திரி, சீட்டு கேட்காமல் மாத்திரை எடுத்துக் கொடுத்தவர் அதே கடைக்காரர். அதனால்தான் இந்த மடலில் கடையின் பெயர் இல்லை.

ஆகவே அண்ணே, சட்டம் பேசவில்லை, கெஞ்சிக் கேட்கிறார் ஊர்ப்பிள்ளை. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் வெட்டுங்கள். காலைக்கும் ராத்திரிக்கும் கோடு கிழிக்கும் அதே பேனாவால், அந்தக் கவரில் மருந்தின் மூலப்பெயர், மில்லிகிராம், பேட்ச் எண், காலாவதித் தேதி நான்கையும் எழுதிவிடுங்கள். வருடக்கணக்காக ஒரே மாத்திரை வாங்கும் பெரியவர்களுக்கு, காசு இருந்தால், முழு அட்டையைக் கொடுங்கள். அவர்கள் ஐந்து நாளைக்குக் கேட்டாலும் சரி. பிள்ளைகள் அப்பா அம்மாவின் அட்டைகளை முன்னும் பின்னும் படமெடுத்துப் போனில் வைத்துக்கொள்ளட்டும். பயணம் என்றால் டாக்டரிடம் மூலப்பெயரோடு பெரிய எழுத்தில் ஒரு சீட்டு வாங்குங்கள். அவர் முகம் சுளித்தால் கம்பவுண்டரைப் பிடியுங்கள்.

இப்படிக்கு,
பிராம்ப்டனிலிருந்து உங்கள் ஊர்ப்பிள்ளை

பின்குறிப்பு: வரும் கார்த்திகையில் மகாதானத் தெருவிலிருந்து ஒரு தம்பி அபுதாபிக்குத் திரும்புவதாகக் கேள்வி. அவரிடம் இதற்குள் மூன்று வீட்டுக் கவர் சேர்ந்துவிட்டதாம். அதில் ஒன்று நரம்பு வலி மாத்திரை என்று அக்கா சொல்கிறார். அந்த வீட்டுக்காரர்கள் தயவுசெய்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அங்கேயே டாக்டரைப் பார்க்கும்படி மகனிடம் சொல்லுங்கள். ஊறுகாய் கொடுத்தனுப்புவதில் ஆட்சேபம் இல்லை.