தாழ இறக்கிய வண்டியும் தளர்ந்த ஸ்டீயரிங்கும்

"பழைய வண்டி என்றால் ஸ்டீயரிங் கொஞ்சம் ஆடத்தான் செய்யும்" என்பது வாகனம் விற்போர் எல்லா நாட்டிலும் கூறும் வாசகம். விற்பவர் கூசாமல் கூறுகிறார். வாங்குபவரும் அனுபவசாலியைப் போலத் தலையசைத்து விடுகிறார். உண்மையில் வயதுக்கும் இந்த ஆட்டத்துக்கும் நேரான உறவு ஏதுமில்லை. ஸ்டீயரிங் ஆடுகிறது என்றால் அதன் வழியில் உள்ள ஏதோ ஓர் உறுப்பு தேய்ந்திருக்கிறது, அல்லது கழன்றிருக்கிறது, அல்லது விரிசல் கண்டிருக்கிறது. அது எந்த உறுப்பு என்பதைக் கண்டறியவும் மாற்றவும் இயலும்.

இதை விளங்கிக்கொள்ள அமெரிக்காவின் பழைய பிக்கப் வண்டிகளைப் போல் உதவும் பாடம் வேறில்லை. குறிப்பாக 1967 முதல் 1972 வரை வெளிவந்த செவர்லே சி-10. அரை நூற்றாண்டு கடந்த அந்த வண்டிகளை இன்றும் அங்கே தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். அவற்றுள் பலவற்றை முந்தைய உடைமையாளர் யாரேனும் தரையோடு தரையாகத் தாழ இறக்கி வைத்திருப்பார். எப்படி இறக்கினார் என்பதுதான் புதிதாக வாங்குபவரின் உயிரையும், எதிரே வரும் குடும்பத்தின் உயிரையும் தீர்மானிக்கிறது.

தாழ இறக்கும் இப்பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த மெக்சிகோ வழி அமெரிக்க இளைஞர்கள் இதை ஒரு கலையாகவே வளர்த்தனர். காரின் பின்புறம் மணல் மூட்டைகளை ஏற்றித் தாழ்த்துவர். ஸ்பிரிங்கை அறுத்துத் தாழ்த்துவர். 1957இல் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது: மாற்றியமைக்கப்பட்ட வண்டியின் எந்தப் பகுதியும் சக்கர வளையத்தின் அடிவிளிம்புக்குக் கீழே இறங்கலாகாது. 1959இல் ரான் அகிரே என்பவர் தம் காரில் ஹைட்ராலிக் அமைப்பைப் பொருத்தி, வேண்டும்போது ஏற்றவும் இறக்கவும் வழிசெய்தார். காவலர் வந்தால் உயரும், சென்றால் தாழும்! தங்கள் சமூகத்தைக் குறிவைத்தே இச்சட்டம் பயன்படுத்தப்பட்டது என்பது அம்மக்களின் நெடுநாள் குறை. 2023இல் அம்மாநில சட்டமன்றம் அதை நீக்கியது. 2024 ஜனவரி முதல் அந்நீக்கம் நடைமுறைக்கு வந்தது. நீக்கியது நியாயமே என்பது என் கருத்து. வண்டி தாழ்வாக இருப்பது குற்றமன்று. சரியான உறுப்புகளைக் கொண்டு முறைப்படி தாழ்த்திய வண்டி நன்றாகவே ஓடும். ஆனால் காசை மிச்சம்பிடிக்க ஸ்பிரிங்கை அறுத்த வண்டியின் கதை வேறு.

அத்தகைய வண்டியைச் செப்பனிட முனைவோர் முதலில் ஸ்பிரிங்கைத் தொடலாகாது. ஸ்டீயரிங்கிலிருந்து தொடங்க வேண்டும். ஒருவர் உள்ளே அமர்ந்து ஸ்டீயரிங் சக்கரத்தை இடமும் வலமும் மெல்ல அசைக்க, மற்றொருவர் கீழேயிருந்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்து வர வேண்டும். எந்த இடத்தில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நிற்கிறதோ, அங்கேதான் ப்ளே இருக்கிறது. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை; பொறுமையும் ஒரு டார்ச் விளக்கும் போதும்.

சி-10இல் ஸ்டீயரிங் தண்டும் ஸ்டீயரிங் பெட்டியும் சேருமிடத்தில், துணியிழை சேர்த்த ரப்பர் வட்டு ஒன்று உண்டு. எண்ணெய் பட்டும் வெயில் பட்டும் அது நைந்து போகும். மாற்றுவது எளிது, விலையும் குறைவு. ஆனால் பலர் இதைப் பார்ப்பதே இல்லை. அடுத்து பெட்டி. அதனுள் திருகுத் தண்டும், இரும்புக் குண்டுகள் உருளும் நட்டும், பல்சக்கரமும் உள்ளன. பெட்டியின் மேல் ஒரு திருகாணி இருக்கிறது. அதை இறுக்கினால் ஆட்டம் குறையும். இங்கேதான் அரைகுறை மெக்கானிக்குகள் பெரும் தீங்கு செய்கிறார்கள். பெட்டி நேராக ஓடும் நிலையில்தான் அதிகம் தேய்கிறது. அந்தத் தேய்மானத்தை மறைக்கத் திருகாணியை மேலும் மேலும் இறுக்கினால், வளைவில் திரும்பும்போது பற்கள் பிடித்துக்கொள்ளும். திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. ஆட்டம் ஒழிந்தது என்று மகிழ்ந்து, அதைவிடக் கொடியதொன்றை வாங்கிக்கொண்டவர் ஆவோம். மிகச் சிறிதளவு திருகியும் குணமாகாவிடில், பெட்டியையே பழுதுபார்க்க அனுப்புவதுதான் முறை.

பெட்டியைத் தாண்டினால் பிட்மன் ஆர்ம், எதிர்ப்புறத்தில் ஐட்லர் ஆர்ம், இரண்டையும் இணைக்கும் நீண்ட தண்டு, அதிலிருந்து சக்கரங்களுக்குச் செல்லும் டை ராடுகள். இவற்றின் முனைகளில் உள்ள குண்டு மூட்டுகளைக் கையால் பிடித்து அசைத்தாலே தேய்மானம் தெரிந்துவிடும். புதிய முனை பொருத்தும்போது நட்டை உரிய அளவு இறுக்கியபின் ஸ்பிளிட் பின் துளை நேர்ப்படாவிட்டால், அடுத்த வெட்டு வரும் வரை சற்றே இறுக்க வேண்டும். ஒருபோதும் தளர்த்திப் பின்னை நுழைக்கலாகாது. பெட்டி பொருத்தப்பட்ட சேஸிஸ் பகுதியைத் துடைத்து, விரிசல் உண்டா என்றும் பார்த்தாக வேண்டும். அங்கு விரிசல் இருந்தால், மேலே எத்தனை புதிய உறுப்பு போட்டாலும் பயனில்லை.

இனி ஸ்பிரிங். சுருள் ஸ்பிரிங்கில் பத்துச் சுற்று இயங்குகிறது என்று கொள்வோம். இரண்டை அறுத்து எறிந்தால், மீதமுள்ள எட்டும் முன்னைவிட ஒன்றேகால் மடங்கு விறைப்பாகும். விறைப்பு கூடியும் பயனில்லை. சக்கரம் மேலேறுவதற்கு இருந்த இடைவெளி சுருங்கிவிட்டதே! சிறு பள்ளத்திலேயே கை போன்ற அந்த இரும்பு ரப்பர் தடுப்பில் போய் மோதுகிறது. மோதிய கணத்தில் அந்தச் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே இல்லை; டயர் தரையை விட்டு எழும்புகிறது. தரையைத் தொடாத டயரை எந்த ஸ்டீயரிங்கால் திருப்ப முடியும்? சிலர் அறுக்காமல் கேஸ் நெருப்பால் சுட்டு ஸ்பிரிங்கைத் தொய்ய வைப்பர். இது அதனினும் மோசம். எஃகின் பதம் போய்விடுகிறது. பிறகு அது எப்போது தொய்யும், எப்போது உடையும் என யாராலும் கூற இயலாது.

மற்றொரு கேடு கண்ணுக்குத் தெரியாதது. டை ராடும் சக்கரத்தைத் தாங்கும் கைகளும் ஏறத்தாழ ஒரே வட்டப்பாதையில் மேலும் கீழும் அசையுமாறு தொழிற்சாலையில் அமைத்திருக்கிறார்கள். ஸ்பிரிங்கை அறுத்து வண்டியை இறக்கியதும் அவற்றின் கோணங்கள் மாறி, பாதைகள் பிரிகின்றன. விளைவு, பள்ளத்தில் இறங்கும் போதெல்லாம் சக்கரம் தானாகவே திரும்புகிறது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பவே இல்லை! "வண்டி இழுக்கிறது" என்று பலர் அலுத்துக்கொள்வது பெரும்பாலும் இதைத்தான்.

இதற்கு மருந்து, அறுத்த ஸ்பிரிங்கை எடுத்தெறிந்து முழு ஸ்பிரிங் போடுவதே. தாழ்வாகவே வேண்டும் என்பவர்க்கு, அச்சை மேல்நோக்கி நகர்த்தி வார்த்த ஸ்பிண்டில்கள் கிடைக்கின்றன. சி-10க்கு வழக்கமாக இரண்டரை அங்குலம் இறங்கும். கைகளின் கோணம் பழையபடியே இருக்கும். ஸ்பிரிங்கின் இடைவெளியும் குறையாது.

ஸ்பிரிங்கைக் கழற்றும் வேலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் உயிரைப் பறிக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பதும் அவ்வாறே. சேஸிஸை இரும்பு ஸ்டாண்டுகளில் நிறுத்தி, கீழ்க்கையை ஜாக்கியால் தாங்கி, ஸ்பிரிங்கைச் சங்கிலியால் கட்டி, மெல்ல மெல்ல இறக்க வேண்டும். பழக்கமில்லாதவர் இதில் கை வைக்காதிருப்பதே நல்லது.

பின்புறத்தில் வேலை குறைவு. ஷாக் அப்சார்பரைத் தாழ்ந்த உயரத்துக்கு ஏற்பக் குட்டையாக மாற்ற வேண்டும். ஆக்சிலைக் குறுக்கே பிடிக்கும் தண்டு சாய்ந்து ஆக்சிலை ஒரு பக்கம் தள்ளியிருக்கும். நீளம் மாற்றக்கூடிய தண்டு போட்டு நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். மிகத் தாழ இறக்கினால் ஆக்சில் சேஸிஸில் இடிக்கும். அங்கே பிறை வடிவில் வெட்டித் தடித்த தகடு கொண்டு வலுவூட்டுவார்கள். இது தேர்ந்த வெல்டரின் வேலை. வீல் அலைன்மெண்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. தேய்ந்த மூட்டுகளோடு அலைன்மெண்ட் செய்வது காசைக் கரியாக்குவதாகும்.

நம் நாட்டில் சி-10 இல்லை. ஆனால் ஸ்பிரிங்கை அறுக்கும் பழக்கம் வந்துவிட்டது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. எனவே இங்கு, தாழ்த்திய வண்டியை வாங்கியவர்க்குத் தொழிற்சாலை உயரத்துக்கு மீட்பது ஒன்றே வழி. பழைய வண்டி வாங்கச் செல்லும் சகோதரர்கள் முன்சக்கரத்தை முழுதாகத் திருப்பிவிட்டு, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். தொழிற்சாலை ஸ்பிரிங்கின் முனை சீராக முடிந்திருக்கும். வெட்டுத் தழும்போ, நெருப்புச் சுட்ட நீலமோ தென்பட்டால், விலை பேசும்போது நான்கு ஸ்பிரிங்குகளின் விலையையும் கூலியையும் கழித்துப் பேசுங்கள். மாற்றி முடியும் வரை அதை ஓட்டாமல், வேறு வண்டியில் ஏற்றியே பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள்.