நம் பிள்ளைகளுக்கு வழி காட்டுவார் யார்?

நம்மவர் வீட்டுப் பிள்ளையொன்று படிப்பை இடையில் விட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டால், அதற்குக் காரணம் கேட்போர்க்கு நாம் மூன்று விடைகளை ஆயத்தமாக வைத்திருக்கிறோம். பெற்றோர், "அவன் தலையெழுத்து" என்பர். உபாத்தியாயர், "அவன் மண்டையில் ஏறவில்லை" என்பர். மேடையேறுவோர், "சர்க்கார் நம்மை வஞ்சித்துவிட்டது" என்பர். இம்மூன்றுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. மூன்றும், சொல்லுகிறவரைப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிடுகின்றன. நாம் நான்காவது விடையொன்று சொல்ல முன்வருகிறோம். அப்பிள்ளைக்கு முன்னே எத்தனை வழிகள் இருந்தன, எவ்வழிக்கு எந்நாளில் கதவு திறந்தது, எந்நாளில் அது மூடிற்று என்பவற்றை அவனுக்குப் புரியும் மொழியில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இல்லை. தலைவிதி என்று பெயரிட்டு நமது சமூகம் அழுவதில் பெரும்பகுதி, உரிய காலத்தில் உரிய செய்தி வந்து சேராமையேயாகும்.

இக்குறை இன்று நேற்று முளைத்ததன்று. 1923-ஆம் ஆண்டு ஐக்கிய மலாய் நாடுகளின் தொழிலாளர் சட்டம், பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் 10 பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டங்களில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டுமென்று துரைமாருக்குக் கட்டளையிட்டது. பள்ளிகள் தோன்றின. எண்ணும் எழுத்தும் கற்பித்தார்கள். கற்றவன் அடுத்து எங்கே போவது என்பதை மட்டும் எவரும் கற்பிக்கவில்லை. அவன் எங்கும் போகாதிருப்பதே தோட்டத்துக்கு லாபம். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் அப்பன் பெயருக்குப் பின் மகன் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார்களே, அதுவே அந்நாளில் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த தொழில் வழிகாட்டல்!

அந்தப் பெரட்டுக் களம் இன்று பல இடங்களில் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்சாலைகளும் வந்தன. நாடு விடுதலையடைந்த 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறக்குறைய 520 ஆகச் சுருங்கியுள்ளன. லயத்தில் பிறந்தவர்களின் மக்களும் பேரரும் பட்டணத்து அடுக்குமாடிகளில் வாழ்கின்றனர். அப்பன் வெட்டிய மரம் மகனுக்கு இல்லையாதலின், மகன் தனக்கென ஒரு தொழிலைத் தேர்ந்துகொண்டே தீரவேண்டும். தேர்ந்தெடுத்துப் பழக்கமில்லாத குடும்பத்தில் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்க வேண்டியவனாக நிற்கிறான் அவன். அவனுக்குத் துணை யார் என்பதே நமது கேள்வி.

தொழிலைத் தேர்ந்தெடுப்பது அறிவைக் கொண்டு செய்யத்தக்க காரியம் என்பதை உலகம் உணர்ந்து நூறாண்டுகளுக்கு மேலாகிறது. 1908-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர், வேலை தேடும் இளைஞர்க்கென ஓர் ஆலோசனை நிலையம் அமைத்தார். உன்னை நீ அறிந்துகொள், தொழில்களின் தன்மையை அறிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார் என்பதே அவர் முறையின் சாரம். நமக்கு இது புதிதுமன்று. திருக்குறளின் 52-ஆம் அதிகாரமாகிய தெரிந்துவினையாடல், ஆளையும் வினையையும் ஆராய்ந்து பொருத்துவதைப் பற்றியதே. ஆயின் வள்ளுவர்க்குச் சிலை எழுப்பும் நாம், பிள்ளையின் எதிர்காலம் என்றவுடன் அவன் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு சோதிடரிடம் ஓடுகிறோம்! பிள்ளைக்குப் பௌதிகம் வருமா வராதா என்பதைப் பௌதிகம் போதிக்கும் உபாத்தியாயரிடம் கேளாமல், சனியிடமும் குருவிடமும் கேட்பது எவ்வகை அறிவுடைமையோ நாம் அறியோம்.

நிற்க. இந்நாட்டுச் சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. 1963-இல் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவிலிருந்து வந்த நிபுணர் ஒருவரின் துணையோடு பள்ளிகளில் வழிகாட்டல் பணிக்கு வித்திட்டார்கள். 1996-இல் இடைநிலைப்பள்ளிகளுக்கு முழுநேர ஆலோசக ஆசிரியர்களை அமர்த்தத் தீர்மானித்தார்கள். 1998-இல் ஆலோசகர் சட்டம் இயற்றினார்கள். 2011-இல் தொடங்கிய பள்ளிசார் மதிப்பீட்டில், மாணாக்கரின் நாட்டத்தையும் இயல்பையும் அளக்கும் உளவியல் மதிப்பீட்டுக்கும் இடம் தந்தார்கள். ஏட்டில் இவ்வளவும் உள. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவிற்றா என்பதன்றோ கேள்வி?

முதலில் தொடக்கப்பள்ளியைப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டையொட்டித் தொடக்கப்பள்ளிகளுக்கும் முழுநேர ஆலோசகரைத் தர முன்வந்தபோது, 350 மாணாக்கர்க்குக் குறையாத பள்ளிகளுக்கே அவ்வுரிமை என்று அளவு வகுத்தார்கள். தமிழ்ப்பள்ளிகளிற் பெரும்பகுதி 150 மாணாக்கரும் இல்லாத சிறு பள்ளிகள் என்பது அவ்விதியை வகுத்தோர்க்குத் தெரியாததா? முந்நூற்றைம்பது நோயாளிகள் திரண்டாலொழிய ஊருக்குள் காலெடுத்து வைக்கமாட்டேன் என்று சொல்லும் வைத்தியனை நாம் என்னவென்று அழைப்போம்? தலையை எண்ணி ஆள் கொடுக்கும் முறை, எங்கே தேவை மிகுதியோ அங்கே ஆள் இல்லாமற் செய்யும் முறையாக முடிகிறது. பெரிய பட்டணத்துப் பள்ளிப் பிள்ளைக்கு வீட்டிலேயே படித்த தந்தையும் தாயும் ஆலோசகராக இருக்க, பள்ளியிலும் ஓர் ஆலோசகர். தோட்டத்துப் பிள்ளைக்கு வீட்டிலும் இல்லை, பள்ளியிலும் இல்லை.

இடைநிலைப்பள்ளிக்குப் போனாலோ, 500 மாணாக்கர்க்கு ஓர் ஆலோசகர் என்பதே நெடுங்காலம் கணக்காக இருந்தது. ஒருவர் ஐந்நூறு பேரின் உள்ளத்தை எப்போது அறிவார்? அவரிடமே ஒழுங்கு நடவடிக்கைக் காரியங்களும் வந்து குவிவதால், ஆலோசகர் அறை என்றாலே குற்றம் செய்தவன் போகுமிடம் என்று நம் பிள்ளைகள் அஞ்சுகின்றனர். பெற்றோர்க்கோ அவர் பேசும் மொழி தடையாகிறது. உளவியல் மதிப்பீட்டின் முடிவு ஒரு தாளில் அச்சாகி வீடு வந்தாலும், அதை வாசித்து விளக்குவாரில்லை.

இக்காலத்தில் வழிகள் குறைவா என்றால், இல்லை, பெருகியே உள்ளன. பெருகியதனாலேயே குழப்பமும் பெருகிற்று. 2020 முதல் நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பாகுபாடு நீங்கி, பாடத் தொகுப்புகளைத் தேர்ந்துகொள்ளும் முறை வந்தது. பதினைந்து வயதுப் பிள்ளை, நண்பன் எடுத்தான் என்று ஒரு தொகுப்பை எடுக்கிறான். பௌதிகத்தையும் கூடுதல் கணிதத்தையும் அன்று கைவிட்டவன், இரண்டாண்டு கழித்துப் பொறியியற் கல்வியின் வாயிலில் வந்து நின்று, கதவு ஏன் அடைத்திருக்கிறது என்று கேட்கிறான். அது அடைக்கப்பட்ட நாள் அவனுக்கே தெரியாது. தேசியமொழியிற் போலவே சரித்திரத்திலும் தேறினாலன்றி எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது என்ற விதி 2013-இல் வந்தது. இதைக்கூட அறியாத பெற்றோர் நம்மிடையே உளர்.

2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வை நீக்கினார்கள்; 2022-இல் பி.டி.3 தேர்வை நீக்கினார்கள். பிஞ்சு மனங்களை வாட்டிய அத்தேர்வுகள் ஒழிந்ததற்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. ஆயினும் அத்தேர்வுச் சீட்டு ஒன்றையே தம் பிள்ளையின் நிலையறியும் கருவியாகக் கொண்டிருந்த எளிய பெற்றோர்க்கு, அதன் இடத்தில் எதைக் கொடுத்தார்கள்? புதிய மதிப்பீட்டு அறிக்கையைத் தமிழில் விளக்க எத்தனை கூட்டங்கள் கூட்டினார்கள்?

எஸ்.பி.எம். முடிந்தபின் நிற்கும் வழிகளையும் எண்ணிப் பாருங்கள். மூன்று பருவங்களாக நடக்கும் எஸ்.டி.பி.எம். ஒன்று, மெட்ரிகுலேஷன் ஒன்று, பாலிடெக்னிக்கில் டிப்ளோமா ஒன்று, 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஐந்து படிகளாக அமைந்த திறன் சான்றிதழ்கள் மற்றொன்று. இவை ஒவ்வொன்றுக்கும் தகுதி வேறு, விண்ணப்பம் வேறு, கெடு நாள் வேறு. 1997 முதல் பி.டி.பி.டி.என். கடனுதவியும் இருக்கிறது, அது திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் என்பதையும் கையொப்பமிடுமுன் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தனையையும் பதினேழு வயதுப் பிள்ளை ஒற்றைக் கைப்பேசியை வைத்துக்கொண்டு தானே கண்டுபிடிக்க வேண்டுமென்றால், அது நீதியாகுமா?

இங்கே ஒரு நண்பர் குறுக்கிட்டு, "இடமே கொடுக்காத நாட்டில் வழிகாட்டல் எதற்கு?" என்று வினவுவார். அவர் கோபத்தை நாம் மதிக்கிறோம். 2019-இல் மெட்ரிகுலேஷன் இடங்களை 25,000-இலிருந்து 40,000 ஆகப் பெருக்கியபோதும், தொண்ணூற்றுக்குப் பத்து என்ற பங்கீட்டை அப்படியே வைத்தார்கள். 2024-இல்தான் 10 ஏ பெற்றோர்க்கு இனம் பாராமல் இடமுண்டு என்று அறிவித்தார்கள். அதற்குக் கீழே நிற்கும் எண்ணற்ற பிள்ளைகளுக்காக நாம் இன்னும் வாதாட வேண்டும். அவ்வாதத்தில் ஓர் எழுத்தையும் நாம் விட்டுக்கொடுக்கமாட்டோம். ஆயினும் அந்நண்பரை ஒன்று கேட்கிறோம். விண்ணப்பமே போடாதவனுக்கு இடம் மறுக்கப்பட்டது என்று எந்தக் கணக்கில் எழுதுவீர்? உரிமைப் போருக்கும் விண்ணப்பதாரர் பட்டியல் ஆயுதமாக வேண்டுமே! வழிகாட்டல் போராட்டத்துக்கு மாற்றன்று, அதற்கு முதற்படி.

இனி நம் வீட்டுக் குற்றத்தையும் மறைக்காமல் சொல்லுவோம். பெற்றோர் பலர்க்குத் தெரிந்த உத்தியோகங்கள் இரண்டே: ஒன்று டாக்டர், மற்றொன்று வக்கீல். நகையை விற்று, நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையை வைத்தியப் படிப்புக்கு அனுப்புகிறார்கள். 2016 இறுதியில் சர்க்கார் புதிய டாக்டர்களை ஒப்பந்த முறையில் அமர்த்தத் தொடங்கியதையும், நிலையான பதவி வேண்டி 2021 ஜூலையில் அந்த டாக்டர்களே வேலையை விட்டு வெளிவந்து நின்றதையும் எத்தனை பெற்றோர் கேட்டறிந்தனர்? நாட்டமும் ஆற்றலும் உள்ள பிள்ளை டாக்டராகட்டும், வாழ்த்துகிறோம். அண்டைவீட்டார் மெச்ச வேண்டுமென்பதற்காக ஒரு பிள்ளையின் ஆயுளைப் பணயம் வைக்க எந்தத் தகப்பனுக்கும் உரிமையில்லை. மின்சார வேலை, இயந்திரம் பழுதுபார்த்தல், உலோகம் ஒட்டுதல் முதலியவற்றைச் சான்றிதழோடு கற்றுச் சொந்தக் காலில் நிற்கும் இளைஞனை, "கைவேலைக்காரன்" என்று பெண் கொடுக்க மறுப்பவர், கப்பலேறி வந்தபோது ஜாதிப் புத்தியையும் மூட்டையிற் கட்டி வந்தவரின் வாரிசே. பெண்பிள்ளையின் கதையோ இன்னும் கொடிது. ஐந்தாம் படிவம் முடிந்ததும், கலியாணம் ஆகும்வரை தொழிற்சாலை என்று அவளைக் கேளாமலே தீர்மானித்துவிடுகிறோம்.

இதைச் சொன்னவுடன், "ஆம், தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கைத்தொழிலே ஏற்றது" என்று தலையாட்டும் சில ஆலோசகரையும் நாம் எச்சரிக்கிறோம். பிள்ளையின் மதிப்பெண்ணையும் நாட்டத்தையும் பாராமல், அவன் பெயரையும் முகவரியையும் பார்த்துச் சொல்லும் ஆலோசனை, பழைய பெரட்டேயன்றி வேறில்லை. கூப்பிடும் ஆள் மாறினான். கூப்பிடும் முறை மாறவில்லை.

சங்கங்கள் என்ன செய்கின்றன? ஆண்டுதோறும் சிறந்த தேர்ச்சி பெற்றவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகின்றன. அப்பிள்ளைக்கு வழி ஏற்கனவே தெரியும். மூன்று பாடங்களில் மட்டும் சிறப்புத் தேர்ச்சி பெற்று, அடுத்து என்ன செய்வதென்று அறியாமல் வாயிற்படியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை அழைத்த மேடை எங்கே? தேர்த் திருவிழாவின் வரவு செலவைக் காசு பிசகாமல் அச்சிட்டு ஒட்டுகிறோம். நம் ஊரில் சென்ற ஆண்டு ஐந்தாம் படிவம் முடித்தவர் எத்தனை பேர், அவர்கள் இப்போது எங்கே இருக்கின்றனர் என்ற கணக்கு எந்தச் சங்கத்தின் ஏட்டில் இருக்கிறது?

ஆகவே நாம் சர்க்காரிடம் கேட்பது இரண்டு. ஆலோசகரைத் தலையெண்ணிக்கையைக் கொண்டு அளக்காமல் தேவையைக் கொண்டு அளக்க வேண்டும். தனித்தனியே ஆள் தர இயலாவிடின், அருகருகேயுள்ள சில தமிழ்ப்பள்ளிகளுக்குச் சேர்த்தாவது தமிழறிந்த ஆலோசகர் ஒருவரைத் தர வேண்டும். நான்காம் படிவப் பாடத்தேர்வு முதல் பல்கலைக்கழக விண்ணப்பம் வரையுள்ள வழிமுறைகள் அனைத்தையும் தமிழில் அச்சிட்டுப் பெற்றோர் கையில் சேர்க்க வேண்டும்.

நம்மவரிடம் கேட்பது ஒன்றே. எஸ்.பி.எம். முடிவு வெளிவருமுன், ஒவ்வோர் ஊரிலும் படித்த வாலிபர் நால்வர் கூடி, ஐந்தாம் படிவப் பிள்ளைகளின் பெயர்களை ஓர் ஏட்டில் எழுதுங்கள். கோயில் மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ மாதம் ஒரு மாலை உட்கார்ந்து, கெடு நாட்களைப் பலகையில் எழுதி வையுங்கள். விண்ணப்பத்தைப் பிள்ளையின் பக்கத்திலிருந்து நிரப்பிக் கொடுங்கள். அந்த ஏட்டிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவன் சேர்ந்த இடத்தை எழுதும்வரை ஏட்டை மூடாதீர்கள். இதற்குப் பொருட்செலவு அதிகமில்லை. மந்திரியின் அனுமதியும் வேண்டியதில்லை. இதையும் செய்யாமல், வழி தெரியாது நின்ற பிள்ளையைப் பார்த்து நடக்கத் தெரியாதவன் என்று பழிக்க நம்மில் எவருக்கும் வாயில்லை.