விளக்கை அணைக்கும் கங்காணி

நகரத்தில் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் ராத்திரி துப்புரவு வேலை செய்யும் அம்மா ஒருவர் சென்ற மாதம் சங்க ஆபீசுக்கு வந்திருந்தார். அவர் சொன்னது இது: "குந்தி உட்கார்ந்து கக்கூஸ் தரையைத் தேய்ச்சுக்கிட்டிருப்பேன் தோழர். பட்டுனு விளக்கு போயிடும். எந்திரிச்சு வந்து கையை ஆட்டினாத்தான் திரும்ப வரும். ஒரு ராத்திரிக்கு எத்தனை தடவை ஆட்டறது?"

அங்கே உழைப்பவர் இருக்கிறார். ஆனால் "ஆள் இல்லை" என்று யந்திரம் தீர்ப்பளித்துவிடுகிறது!

தோழர்களே, இது என்ன யந்திரம்? கூரையில் பொருத்தும் சிறு கருவி, சென்சார் என்பார்கள். மனித உடம்பின் சூடு அசைவதை அது அறியும். ஆள் நுழைந்தால் விளக்கு எரியும். அசைவு இல்லையென்றால் சில நிமிஷங்களில் அணையும். ஜன்னலோரத்தில் பகல் வெளிச்சம் கூடினால் விளக்கைத் தானே மங்கச் செய்யும் கருவியும் உண்டு. இந்திய சர்க்கார் 2001-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் இயற்றியது. அதன்கீழ் 2007-ல் வெளியாகி 2017-ல் திருத்தப்பட்ட கட்டட விதிகள், 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் மின்சுமை உள்ள வணிகக் கட்டடங்களுக்கு இத்தகைய கட்டுப்பாட்டை வகுத்தன.

இதை நாம் எதிர்க்கிறோமா? இல்லை. மண்ணெண்ணெய் விளக்கின் திரியை இறக்கி வைத்து வளர்ந்த நமக்குச் சிக்கனத்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இந்நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியை எரித்தே கிடைக்கிறது. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால், சுரங்கத் தொழிலாளி உயிரைப் பணயம் வைத்துத் தோண்டிய கரி வீணாகிறது. எனவே விளக்கு அணையட்டும்.

நமது கேள்வி வேறு. சுவரில் இருந்த சுவிட்ச் யார் கைக்குப் போயிற்று?

அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளி. மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்கென்றே, விளக்குகள் அனைத்தையும் கம்ப்யூட்டர் ஆளும்படி 2012-ல் புதிதாகக் கட்டினார்கள். 2021 ஆகஸ்டில் அந்தக் கம்ப்யூட்டர் ஏற்பாடு பழுதாயிற்று. சுமார் 7,000 விளக்குகள் இரவும் பகலும் எரிந்தன. அணைக்க வழியில்லை! சுவரில் சுவிட்ச் இருந்தால் ஒரு பையன் அணைத்திருப்பான். ஆசிரியர்கள் சில பல்புகளைக் கையால் கழற்றிப் பார்த்தார்கள். ஏற்பாட்டைச் செய்த கம்பெனியோ கைமாறிப் போயிருந்தது. 2023 தொடக்கம் வரை, ஏறத்தாழ ஒன்றரை வருஷம், இந்தக் கூத்து நீடித்தது. சிக்கனத்திற்கு வந்த கருவியே ஊதாரியாயிற்று.

இது கருவி கெட்டுப்போன கதை. கருவி நன்றாக வேலை செய்தால் என்ன ஆகும்?

2016 ஜனவரியில் லண்டன் நகரத்து 'டெய்லி டெலிகிராப்' பத்திரிகை ஊழியர்கள் ஒரு திங்கட்கிழமை வேலைக்கு வந்தபோது, மேஜைக்கு அடியில் சிறு பெட்டிகள் ஒட்டியிருக்கக் கண்டார்கள். நாற்காலியில் ஆள் இருக்கிறாரா, இல்லையா என்று சூட்டையும் அசைவையும் வைத்துக் குறித்துக்கொள்ளும் பெட்டிகள். நிர்வாகத்தார் சொன்ன காரணம் என்ன? ஆள் குறைந்த நேரத்தில் விளக்குக்கும் வெப்பத்துக்கும் குளிர்ச்சிக்கும் ஆகும் செலவை மிச்சப்படுத்தவாம்! ஊழியர்கள் கொதித்தனர். தேசியப் பத்திரிகையாளர் சங்கம் கண்டனம் செய்தது. பெட்டிகள் அன்றைக்கே கழற்றப்பட்டன.

விளக்கை அணைக்கத் தெரிந்த கண்ணுக்கு ஆளை எண்ணவும் தெரியும். நேற்றைய கங்காணி கையில் பிரம்போடு நின்றான். இன்றைய கங்காணி கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

மில் தோழர்களுக்கு இது அந்நியமல்ல. மிஷின் நின்ற ஒவ்வொரு நிமிஷத்தையும் எண்ணும் கருவியின் முன்னால் நிற்பவர்கள் அவர்கள். விவசாயத் தொழிலாளர்களுக்கும் தெரியும். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல், தினம் இருமுறை போட்டோ எடுத்து செல்போனில் ஏற்றினால்தான் ஆஜர் என்றார்கள். சிக்னல் கிடைக்காத ஊரில், வெயிலில் மண் வெட்டியவளுக்குக் கூலி எங்கே? அங்கும் "ஆள் இல்லை" என்றது யந்திரம்தான்.

ஆகவே நாம் கேட்பது இதுதான்:

விளக்குக் கருவி எடுக்கும் கணக்கை ஆஜருக்கோ, சம்பளப் பிடித்தத்துக்கோ, தண்டனைக்கோ உபயோகிக்கக் கூடாது.

கையால் போடவும் அணைக்கவும் ஒரு சுவிட்ச் ஒவ்வோர் அறையிலும் இருக்க வேண்டும். துப்புரவு வேலை நடக்கும் நேரமெல்லாம் விளக்கு எரிய வேண்டும்.

கருவியைப் பொருத்துமுன் தொழிற்சங்கத்தோடு கலந்து பேச வேண்டும். அதைப் பழுதுபார்க்கும் பயிற்சியை அங்கேயே வேலை செய்யும் எலக்ட்ரீஷியன்களுக்குக் கொடுக்க வேண்டும்.

மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு, இருட்டில் கிடக்கும் தொழிலாளர் படிக்கட்டுக்கும் ஓய்வறைக்கும் வெளிச்சமாகத் திரும்ப வேண்டும்.

லண்டனில் அந்தப் பெட்டிகளைக் கழற்றியது முதலாளியின் மனச்சாட்சி அல்ல, ஊழியர்களின் ஒற்றுமை. நமது துப்புரவுத் தோழரும் இனி விளக்குக்காகத் தனியே கையை ஆட்ட வேண்டாம். அந்தக் கை சங்கத்தில் உயரட்டும்; அவரோடு நம் கைகளும் உயரட்டும்!