எலிசபெத்தம்மாளின் வாசற்படி



செபமாலையின் மகிழ்ச்சி மறைபொருள்களில் இரண்டாவதை நாம் கணக்கற்ற முறை தியானித்திருக்கிறோம். கருவுற்ற கன்னிமரியாள் மலைநாட்டுக்கு விரைந்து சென்று, முதிர்ந்த வயதில் ஆறு மாதக் கர்ப்பவதியாயிருந்த எலிசபெத்தம்மாளைச் சந்தித்த நிகழ்ச்சி அது. நாசரேத்தில் வானதூதர் வாழ்த்துரைத்தபோது மரியாள் கலங்கினார் என்றே நற்செய்தியாளர் லூக்கா எழுதுகிறார். அவரது உள்ளம் பாடலாகப் பொங்கியது எலிசபெத்தம்மாளின் வாசற்படியிலேதான். மற்றொரு தாய் அவரை வரவேற்று, அவரையும் அவர் தாங்கிய மகவையும் வாழ்த்திய பின்னரே அந்தப் பாடல் பிறந்தது. இதனை நினைவில் இருத்திக்கொண்டு இம்மாதச் சிந்தனைக்குள் நுழைவோம்.

தாய்மை மகிழ்ச்சி தருவது என்று நாம் யாவரும் சொல்லுகிறோம். அது எல்லாப் பெண்களுக்கும் ஒரே அளவில் மகிழ்ச்சி தருகின்றதா? பல இனத்தவர் கூடி வாழும் அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஆராய்ச்சியாளர்கள் இக்கேள்வியைக் கேட்டிருக்கின்றனர். அந்நாட்டின் தேசியக் குடும்பக் கணக்கெடுப்பு ஒன்றில், கருவுற்ற செய்தி தெரிந்தபோது எவ்வளவு மகிழ்ந்தீர்கள் என்று தாய்மாரிடம் வினவி, 1 முதல் 10 வரை ஓர் எண்ணால் விடை கூறச் செய்தனர். இவ்விடைகளை ஆராய்ந்து 2012-ஆம் ஆண்டில் வெளியான கட்டுரை ஒன்று, எதிர்பாராது பிறந்த குழந்தைகளைக் குறித்தும் லத்தீன் அமெரிக்க வழியினரான பெண்கள் மற்றவரைவிட மிகுதியாக மகிழ்ந்தனர் என்றும், அவர்களுள்ளும் வெளிநாட்டில் பிறந்து குடியேறியவரிடமே அம்மகிழ்ச்சி மேலோங்கியிருந்தது என்றும் காட்டிற்று. ஆகவே, இது இனத்தை மட்டுமே பொறுத்த செய்தி அன்று. எங்கே பிறந்து, எவரிடையே வளர்ந்தாள் என்பதையும் பொறுத்தது.

அதே நாட்டின் கறுப்பினத் தாய்மாரின் நிலையோ நம் நெஞ்சை உறுத்துவது. அவர்களும் பிள்ளையை ஆவலோடு எதிர்நோக்குகின்றனர். ஆயினும் அந்த ஆவலோடு அச்சமும் உடன் வருகின்றது. அரசாங்கக் கணக்கின்படி 2023-ஆம் ஆண்டில், உயிருடன் பிறந்த ஒவ்வோர் இலட்சம் குழந்தைகளுக்கும், மகப்பேற்றின் காரணமாக இறந்த கறுப்பினத் தாய்மார் 50.3 பேர், வெள்ளையினத் தாய்மார் 14.5 பேர். மூன்று மடங்கிற்கும் மேற்பட்ட வேற்றுமை இது! வறுமையும் கல்வியின்மையுமே காரணம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் 2007 முதல் 2016 வரையுள்ள கணக்குகளை ஆராய்ந்தபோது, பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களிடையே இம்மரண விகிதம், பட்டம் பெற்ற வெள்ளையினப் பெண்களிடையே உள்ளதைப்போல் ஐந்து மடங்கிற்கு மேல் இருந்தது. உயர்நிலைப் பள்ளியை முடிக்காத வெள்ளையினப் பெண்களின் விகிதத்தைவிடவும் அது மிகுதி. கல்வி அவர்களைக் காக்கவில்லை. மரணம் வாசலில் நிற்பதை அறிந்த ஒருத்தி முழு மனத்தோடு மகிழ்வது எங்ஙனம்?

அவர்களுடைய இரத்தத்திலேயே ஏதோ குறை இருக்கலாமன்றோ என்று கேட்போரும் உண்டு. இதற்கு 1997-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் டேவிட், ஜேம்ஸ் காலின்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் தெளிவான விடை அளித்தனர். இல்லினாய் மாநிலத்தின் பிறப்புப் பதிவுகளை எடுத்து மூவகைத் தாய்மாரின் குழந்தைகளை அவர்கள் ஒப்பிட்டனர். அமெரிக்காவில் பிறந்த வெள்ளையினத் தாய்மாரின் குழந்தைகளுடைய சராசரி எடை 3,446 கிராம். ஆப்பிரிக்காவில் பிறந்து அங்கே குடியேறிய கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகளுக்கு 3,333 கிராம். அமெரிக்காவிலேயே பிறந்த கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகளுக்கோ 3,089 கிராம். குறை இரத்தத்தில் இருந்தால், ஆப்பிரிக்க மண்ணிலிருந்து நேரே வந்தவரின் குழந்தைகளன்றோ மிகவும் மெலிந்திருக்க வேண்டும்? அவ்வாறில்லையே! இறைவன் தந்த தோலில் குறையில்லை. அத்தோலைக் காரணங்காட்டி மனிதர் சுமத்திய வாழ்விலேயே குறை என்பது இதனால் விளங்குகின்றது.

அச்சுமை நேற்று ஏற்றப்பட்டதன்று. 1840-களில் அலபாமா மாநிலத்தில் மேரியன் சிம்ஸ் என்னும் மருத்துவர், அனார்க்கா, பெட்சி, லூசி முதலிய அடிமைப் பெண்களின் உடலில் மயக்க மருந்தின்றித் திரும்பத் திரும்ப அறுவை செய்து பழகினார். பெண் மருத்துவத்தின் தந்தை என்று உலகம் அவரைப் போற்றியது. நியூயார்க் நகரின் பூங்காவில் நின்ற அவரது சிலை 2018-ஆம் ஆண்டில்தான் அகற்றப்பட்டது. சிலையை அகற்றலாம்; மனத்தில் ஊறிய எண்ணத்தை அகற்றுவது அரிது. வர்ஜீனியாப் பல்கலைக் கழகத்தார் 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கறுப்பினத்தவரின் தோல் தடித்தது என்பன போன்ற பொய்யான கருத்துகளுள் ஒன்றையேனும், வெள்ளையின மருத்துவ மாணவரிலும் பயிற்சி மருத்துவரிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் நம்பியிருந்தனர். ஒருவருக்கு வலி குறைவு என்று நினைப்பவர் அவருடைய முனகலுக்குச் செவிசாய்ப்பாரோ?

உலகப் புகழ்பெற்ற டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2017-ஆம் ஆண்டு செப்டம்பரில் அறுவை மூலம் பெண் மகவை ஈன்றார். மறுநாள் அவருக்கு மூச்சு முட்டியது. முன்பே நுரையீரலில் இரத்தம் உறைந்து துன்புற்றவராதலால், இன்ன சோதனை வேண்டும், இன்ன மருந்து வேண்டும் என்று அவரே கேட்டார். வலி மருந்தின் மயக்கத்தில் பேசுகிறார் என்று தாதி எண்ணினாராம். அவர் விடாது வற்புறுத்திய பின் சோதித்தபோது, நுரையீரலில் இரத்தக் கட்டிகள் இருந்தன. செல்வமும் புகழும் பெற்றவருக்கே இந்நிலை எனில், குரலற்ற ஏழைத் தாயின் கதி என்ன?

மகப்பேற்றிற்குப் பின் வரும் மனச்சோர்விலும் இந்த வேற்றுமை தொடர்கின்றது. நியூ ஜெர்சி மாநிலத்தில் அரசு மருத்துவ உதவி பெற்ற தாய்மாரைப்பற்றி 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வில், பேற்றுக்குப் பின் மனநல சிகிச்சை தொடங்கிய வெள்ளையினத் தாய்மார் நூற்றுக்கு 9 பேர். கறுப்பினத் தாய்மார் 4 பேர் மட்டுமே. பிள்ளை பெற்றவள் அழக்கூடாது என்று எங்கும் சொல்லுகிறார்கள். அழுதாலும் கேட்பாரில்லாத தாய், விரைவில் அழுகையையும் அடக்கிக்கொள்ளுகிறாள்.

இவ்வளவையும் கூறி உங்களைத் துயரத்தில் விட்டுச்செல்ல நாம் விரும்பவில்லை. மருந்து இருக்கின்றது, அது மிகவும் எளியது. பேற்று நேரம் முழுவதும் ஒரு துணைப்பெண் உடனிருந்து, கைபற்றித் தேற்றி, தாயின் சொல்லை மருத்துவரிடம் எடுத்துரைத்தால் விளையும் பயனைப்பற்றி, பதினையாயிரத்திற்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளை 2017-ஆம் ஆண்டில் தொகுத்துப் பார்த்தனர். அத்துணை பெற்றவருள் இயல்பாகப் பிள்ளை பெற்றோர் மிகுந்திருந்தனர். தம் பேற்றைக் கசப்போடு நினைவுகூர்ந்தோர் குறைந்திருந்தனர். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களே முன்வந்து தம் சகோதரியருக்கு இத்துணை புரிகின்றனர். அந்நாட்டு ஆயர்களும் 2020-ஆம் ஆண்டு மார்ச்சில், இக்கட்டில் உள்ள தாய்மாரோடு ஒவ்வொரு பங்கும் உடன்நடக்க வேண்டும் என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். எலிசபெத்தம்மாளின் வாசற்படியை விஞ்ஞானமும் திருச்சபையும் மீண்டும் கண்டுபிடித்துள்ளன எனலாம்.

இங்கே நம் மனச்சாட்சியையும் சற்றுத் தொட்டுப் பார்ப்போம். குருக்களாகிய நாம் மறையுரைகளில் தாய்மையை வானளாவப் புகழ்கிறோம். ஆனால் முன்வரிசையில் வாடிய முகத்தோடு அமர்ந்திருக்கும் தாயிடம், மகளே, நலமா என்று கேட்கத் தவறிவிடுகிறோம். கருவுயிரைக் காக்க வேண்டும் என்று அழுத்தமாகப் போதிக்கும் நாம், அவ்வுயிரைச் சுமப்பவளின் குரலுக்கும் அதே அழுத்தத்தோடு செவிசாய்த்தோமா? அமெரிக்காவில் நிறம் செய்வதை நம்மிடையே சாதியும் பணமும் செய்வதில்லையா? வளைகாப்புக்குக் கூடும் சுற்றத்தார், அடுத்த தெருவில் துணையின்றிப் பிள்ளைபெறக் காத்திருக்கும் பெண்ணின் வீட்டு வாசலை மிதிப்பதுண்டா?

மரியாள் ஏறக்குறைய மூன்று மாதம் எலிசபெத்தம்மாளோடு தங்கினார் என்று நற்செய்தி கூறுகின்றது. வாழ்த்திவிட்டுத் திரும்பிவிடவில்லை. இம்மாதத்தில் நம் பங்கிலே ஒரு கர்ப்பவதியை, உறவினள் அல்லாதவளை, ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ளட்டும். அவள் வீட்டுக்குச் செல்லுங்கள். அறிவுரையை ஒதுக்கி வைத்து, முதலில் அவள் சொல்லுவதைக் கேளுங்கள். மூச்சு முட்டுகிறது, தலை சுற்றுகிறது, மனம் சோர்கிறது என்று அவள் சொன்னால், எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் உடன் அழைத்துச் செல்லுங்கள். அந்த வாசற்படியிலே அவளுடைய பாடலும் பிறக்கும்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.