காகிதமே கதியா?

2016இல் ஆஸ்திரேலிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இணையதளம் படுத்துவிட்டதால் அந்நாட்டுப் புள்ளியியல் துறை காகிதத்துக்கே திரும்ப வேண்டும் என்று கட்டுரை எழுதியிருக்கிறார் நண்பர் ஒருவர். படுத்தது உண்மைதான். ஆகஸ்ட் 9 இரவு, நாடே படிவம் நிரப்ப உட்கார்ந்த நேரத்தில் மூடிய தளம் திறக்க ஏறக்குறைய 40 மணி நேரம் ஆனது.

ஏன் படுத்தது என்பதை மட்டும் அவர் தொடவே இல்லை. அன்று தளத்தின் மீது வந்த இணையத் தாக்குதல் ஒன்றும் பிரமாதமானதல்ல. பின்னர் நடந்த ஆய்வே அதைச் சிறியது என்றது. வெளிநாட்டிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஏற்பாடு சரியாக வேலை செய்யவில்லை. ரவுட்டர் ஒன்று மறுபடி போட்டதும் ஒழுங்காக எழவில்லை. முன்கூட்டியே ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும் என்று ஒப்பந்தம் எடுத்த ஐபிஎம் தரப்பே செனட் குழு முன் ஒப்புக்கொண்டது. சோதித்துப் பார்க்காத சோம்பலுக்குக் கணினியா பழி சுமப்பது?

அதே துறை 2021இல் கிளவுடுக்கு மாறியது. அந்த ஒரே இரவுக்காகக் காத்திராமல், படிவத்துக்கான தகவல் கைக்கு வந்ததுமே நிரப்பலாம் என்றும் தளர்த்தியது. தளம் விழவில்லை, 95.1 சதவீதமாக இருந்த வீடுகளின் பங்கேற்பு 96.1 ஆனது. நண்பர் கட்டுரையில் 2021 என்ற ஆண்டே இல்லை!

போகட்டும், அவர் போற்றும் காகிதப் படிவம் மட்டும் எப்படி எண்ணாகிறதாம்? ஸ்கேன் செய்து, கையெழுத்தைப் படிக்கும் மென்பொருள் வழியாகத்தான். அதையாவது புதுப்பிக்கலாமா, கூடாதா?